ஆண்டர்சன்பேட்டை மெஷினும் ஏழு சிவப்பு வட்டங்களும்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு வாணியம்பாடியில் பெங்களூரு வண்டி ஏறினேன். டிக்கெட் ஐம்பது ரூபாய். உட்கார இடம் இல்லை. ஜோலார்பேட்டையில் கிடைத்துவிடும் என்று பக்கத்தில் நின்றவர் தைரியம் சொன்னார். ஜோலார்பேட்டையில் அவருக்குக் கிடைத்தது. குப்பம் தாண்டியும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

தோளில் ஒரு பை. அதில் மெஷின் வாங்க முப்பத்தெட்டாயிரம் ரூபாயும், நானே கைப்பட எழுதிய பன்னிரண்டு பக்கச் சொற்பொழிவும் இருந்தன. மாற்றுத் துணி எடுக்கவில்லை. மெஷினை வாங்கி, ஒரு மினி வேனில் போட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாகத் திட்டம்.

சொற்பொழிவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசப்போகிறேன். தலைப்பு, 'இஸ்லாமிய வணிக நெறியும் நிலைத்த பொருளாதார மீட்சியும்'. சரக்கின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது, ஒருவர் பேசி வைத்த சரக்குக்கு இன்னொருவர் குறுக்கே விலை கேட்காமல் இருப்பது, வாங்குபவர் யோசித்து முடிவெடுக்க மூன்று நாள் தருவது என்று எல்லாம் அதில் உண்டு. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. என் மனைவி மட்டும் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, யாரு செய்வாங்க?" என்று கேட்டாள்.

மெஷின் விஷயம் வேறு. தோல் பை தைக்கிற சின்னக் கம்பெனி என்னுடையது. ஊரடங்கில் மூடினேன். நான்கு பெண்களை வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் தோல் மண்டியில் தினக்கூலிக்குப் போனார்கள். இந்த வருஷம் சென்னைக் கடை ஒன்று முன்னூறு பைக்கு ஆர்டர் கொடுத்தது. நால்வரையும் திரும்பக் கூப்பிட்டேன், வந்துவிட்டார்கள். ஆனால் ஓடுகிற மெஷின் மூன்றுதான். இருபது நாளில் முன்னூறு பை கொடுக்காவிட்டால் ஆர்டர் போய்விடும், நால்வரும் மறுபடி மண்டிக்குப் போவார்கள், நானும் பூட்டைத் தேடவேண்டியதுதான். புது மெஷின் வாங்க வசதி இல்லை. எங்கள் ஊரில் பழைய மெஷின் விற்பவர்கள் எல்லோரையும் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பழைய தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃபுக்குக் கிளம்பினேன்.

காலை 9.30. பங்காருப்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளை ரயில், பத்து ரூபாய், பதினாறு கிலோமீட்டர். காலையில் பெங்களூருக்கு ஆள் ஏற்றிப்போகும்போது மட்டும்தான் அந்த ரயிலுக்கு அவசரம் போலிருக்கிறது. திரும்பி வரும்போது ஊரில் நாற்பது வருஷம் கழித்துக் கால் வைக்கிற மாதிரி நின்று நின்று வந்தது. கோரமண்டலில் நின்றது. ஊர்காமில் நின்றது. நடுவில், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் பதினெட்டு நிமிஷம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய சாம்பல் நிற மண்மேடு. காற்று அடித்தால் அது எழுந்து நேராக ரயிலுக்குள் வந்தது. எதிரில் இருந்த பென்ஷன்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

சாம்பியனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆண்டர்சன்பேட்டைக்கு எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார். டிரைவர் பெயர் முருகேஷ். மாரிகுப்பத்துக்காரர்.

"இன்னா சார், மெஷின் கடைக்கா? ஷாகிராக்கா கடையா?"

"ஆமா. மெஷினெல்லாம் நல்லா இருக்குமா?"

"மெஷினு நல்லா கீது சார். வாங்கறதுதான் கஷ்டம்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காலை 11.20. ஷாகிராவுக்கு நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு வருஷம் விடியற்காலை ரயிலில் பெங்களூரு கார்மெண்ட் கம்பெனிக்குப் போய்வந்தவர். அந்தக் கம்பெனியில் ஒரு பிரிவை மூடியபோது பழைய மெஷின்களை விலைக்கு எடுத்து வந்து இங்கே கடை போட்டிருக்கிறார். மெஷின்களைச் சரிபார்ப்பவர் தாஸ். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே மண் அள்ளும் பெரிய வண்டிகளின் பாகங்களில் குறை கண்டுபிடித்தால் சிவப்பு சாக்பீஸால் வட்டம் போட்டு நம்பர் எழுதுவார்களாம். ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கடையில் இருந்த ஒவ்வொரு தையல் மெஷின் மேலும் சிவப்பு வட்டங்கள். அம்மை போட்டவர்களை வரிசையாக உட்கார வைத்த மாதிரி இருந்தது.

ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். டீ வந்தது. மூலையில் நான் தேடி வந்த மெஷின் நின்றது. தோல், ரெக்சின், கித்தான், எது கொடுத்தாலும் தைக்கும் கனமான மெஷின். அதன் மேல் இருந்த ஏழு வட்டங்களையும் தொட்டுப் பார்த்தேன், மனசு பிடித்துக்கொண்டது. பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"அத்த உள்ள வைங்க பாய்" என்றார் ஷாகிரா. "அந்த மெஷினை ஒருத்தவங்க பேசி வச்சுக்கீறாங்க. நாளைக்கு அஸர் வரைக்கும் அவங்க டைம். அதுக்கு மேலதான் நீங்க பேசலாம்."

அஸர் என்றால் பிற்பகல் தொழுகை, அது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. "புதன்கிழமை நான் போன் பண்ணப்ப இருக்கு, வாங்கன்னு சொன்னீங்களே!"

"புதன் இருந்துச்சு. வியாழன் சாயங்காலம் அவங்க வந்து பேசிட்டாங்க. ஒடனே உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேனே? நாலு நிமிஷம் பேசினேனே?"

போட்டிருந்தார். நானும் கேட்டேன், முதல் இருபது விநாடி. ஸலாம், உடம்பு நலமா, வீட்டில் நலமா. மரியாதை தெரிந்த பெண் என்று பாராட்டி நிறுத்திவிட்டேன். மீதி மூன்றே முக்கால் நிமிஷத்தில்தான் விஷயம் இருந்திருக்கிறது. முக்கியமான சேதியை நலம் விசாரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்களை என்ன செய்வது என்று உங்களையே கேட்கிறேன்.

"அவங்க முன்பணம் குடுத்தாங்களா?"

"இல்ல."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்ல. பேசினாங்க."

"நான் ரெண்டாயிரம் கூடப் போட்டுத் தரேன்மா. நாப்பதாயிரம். கையில முப்பத்தெட்டு, மீதி போன்ல, இப்பவே."

ஷாகிரா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாய், ஒருத்தவங்க பேசி வச்ச சாமான் மேல வெலை ஏத்தலாமா? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா! ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. அந்தப் பக்கம் அந்தப் பணத்தோடு ஒரே பையில்தான் இருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஒரு நெறி பேசுவதற்கு வசதியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது வேறு, அது டீ கிளாஸோடு எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வது வேறு.

"நீங்க இப்படி வியாபாரம் பண்ணா கடை ஓடுமா?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல மெஷின் வாங்கறவங்க எல்லாம் அந்த ரயில்ல போறவங்க பாய். இனிமே போவேணாம்னு வாங்கறாங்க. ஐபு சொல்லாம, யோசிக்க வுடாம குடுத்தேன்னா, மெஷின் நின்னுடும், அவங்க திரும்ப ரயிலேறிடுவாங்க. அப்புறம் எனக்கு யாரு இருக்கா வாங்க?" என்றார். ஐபு என்றால் குறை. இதையே நான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இவர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் 2 மணி. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாட்ஜ், எழுநூறு ரூபாய். சாயங்காலம் கட்டிக்கொள்ள நூற்றுநாற்பது ரூபாய்க்கு ஒரு லுங்கி. பிரியாணி நூற்றிருபது, அதில் எங்கள் ஊர்க்காரனுக்கு எரிச்சல் தரும்படி அளவுக்கு மீறித் தக்காளி. கட்டிலில் படுத்துச் சொற்பொழிவை எடுத்தேன். இரண்டு பக்கம் படிப்பதற்குள் கோபம் வந்து திரும்ப உள்ளே வைத்தேன்.

ஞாயிறு காலை 8.30. டீக்கடையில் மறுபடி முருகேஷ் கிடைத்தார். மெஷின் கிடைத்ததா என்று கேட்டார். யாரோ பேசி வைத்திருக்கிறார்களாம் என்று அலுத்துக்கொண்டேன்.

"யாரோ இன்னா சார், எங்க லைன் சுகந்திதான்! கல்லு மாதிரி ஒரு மெஷின் பாத்து வச்சுக்கிறேன்னு லைன் பூரா சொல்லிக்கினு கீது. நம்ப பக்கத்து வூடு."

ஷாகிரா கடைசிவரை பெயர் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் கேட்காமலே சொல்லிவிட்டார். மாரிகுப்பத்துக்கு எவ்வளவு என்றேன். நூறு ரூபாய் என்றார். பேரம் பேசாமல் ஏறினேன். என்ன நினைத்துக்கொண்டு ஏறினேன் என்று நேர்மையாகச் சொல்வதானால், அந்த அம்மாவிடம் நிலைமையைச் சொல்லி, என் நான்கு பெண்களைப் பற்றிச் சொல்லி, விட்டுக்கொடுக்கக் கேட்கலாம் என்றுதான்.

சுகந்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு, தாத்தா காலத்திலிருந்து அதே வீடு. வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போகிறார், இருட்டிய பிறகு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த மெஷினை வாங்கி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு ஸ்கூல் பை தைக்கலாம் என்று யோசனை.

வாணியம்பாடியில் தோல் பைக் கம்பெனி வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னேனோ இல்லையோ, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கம்பெனிக்காரரா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார். எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. தாஸ் அண்ணன் ஏழு குறை காட்டினாரு. ஏழு! நகை எல்லாம் வச்சுட்டு வாங்கறேன் சார். நீங்க அந்த மெஷினைப் பாத்தீங்களா? நல்ல மெஷினா? வாங்கலாமா?"

நான் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். இப்படி ஒரு கதவை அவரே திறந்து வைப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

"பாத்தேன்" என்றேன். "ஏழு குறை இருக்குதே மா. அவங்களே வட்டம் போட்டு வச்சிருக்காங்களே."

அவ்வளவுதான் சொன்னேன். இதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. அந்த ஏழில் ஒன்றுகூட மெஷினை நிறுத்தாது என்பதையும், நானே அதை வாங்க நாற்பதாயிரம் வரை போனேன் என்பதையும் சொல்லவில்லை. அவர் முகம் அப்படியே வாடியது.

"நானும் அதான் நெனச்சேன். வேணாம்னு சொல்லிடறேன் சார். இன்னும் ரெண்டு வருஷம் ரயில்ல போறேன், வேற இன்னா."

காபி கொடுத்தார். இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி என்றார். பக்கத்து வீட்டு மிதி மெஷினில் தான் தைத்த பை என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வாங்கிப் பார்த்தேன். முப்பது வருஷமாகத் தையல் பார்க்கிறவன் நான். மூலை திரும்பும் இடத்தில் ஒரு தையல் தவறவில்லை. அந்த ஓட்டை மெஷினில் அப்படித் தைப்பவர் எங்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். பையைத் திருப்பிக் கொடுத்தேன். காபியைக் குடித்தேன், கிளம்பினேன்.

காலை 11 மணி. கடைக்குள் நுழையும்போதே ஷாகிரா சொன்னார். "அவங்க போன் பண்ணாங்க பாய். வேணாம்னுட்டாங்க. இப்ப நீங்க பேசலாம்."

மனசுக்குள் ஒரு பக்கம் குதித்தது, ஒரு பக்கம் குறுகுறுத்தது. குதித்த பக்கத்தை நம்பி உட்கார்ந்தேன்.

ஆனால் அந்தக் கடையில் பணம் கொடுத்து மெஷினைத் தூக்கிவிட முடியாது. தாஸ் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுச் சொல்லுவார், நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு. மேஜைப் பலகை மூலையில ஊறியிருக்கு."

"அது ஒரு குறையா தாஸ் அண்ணே? பலகை மாத்தினா போச்சு."

"ரெண்டு. ரெண்டு மணி நேரம் ஓட்டினா மோட்டார் சூடாவுது."

"டீ குடிக்கிற நேரம் நிறுத்தினா ஆறிடும்."

"மூணு. ஷட்டில்ல கீறல். எப்பவாவது நூல் அறுக்கும்."

"உப்புத்தாள் வச்சுத் தேச்சா அஞ்சு நிமிஷ வேலை."

நான்கு, விளக்கு எரியவில்லை. எங்கள் பட்டறையில் ட்யூப்லைட் இருக்கிறது என்றேன். ஐந்து, பின்பக்கம் தைக்கும் நெம்புகோல் இறுக்கம். பழகினால் சரியாகும் என்றேன். ஆறு, சத்தம் அதிகம். எங்கள் பெண்களைவிடவா என்றேன். ஏழு, காலில் விரிசல், பற்றவைத்து மேலே பெயிண்ட் அடித்து யாரோ மறைத்திருக்கிறார்கள், தாஸ் சுரண்டி வெளியே காட்டியிருக்கிறார். "பத்த வச்சது கெட்டியா இருக்கு. இருபது வருஷம் தாங்கும்" என்றேன்.

ஷாகிரா பில் புத்தகத்தைத் திறந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இவ்ளோ தெரியுதே பாய் உங்களுக்கு. சுகந்தி போன்ல சொன்னாங்க, யாரோ ஒரு கம்பெனிக்காரர் வூட்டுக்கே வந்து, ஏழு குறை இருக்குன்னு சொல்லிக் காப்பாத்தினாருன்னு. அது நீங்களா?"

"நான் பொய் சொல்லலை" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"பொய்யின்னு நான் சொல்லலியே."

"ஏழு இருக்குன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. அதைத்தான் சொன்னேன்."

"சரி பாய். அவங்க வேணாம்னுட்டாங்க, விக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் தடை இல்ல. பில்லு போடட்டுமா?"

திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாஸ் சாக்பீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் நான்கு பெண்களை நினைத்தேன். இருபது நாளை நினைத்தேன். அந்தப் பையின் மூலைத் தையலை நினைத்தேன். பாழாய்ப்போன ஐந்தாம் பக்கத்தையும், அதற்கு முந்தின நான்காம் பக்கத்தையும் நினைத்தேன். நான்காம் பக்கம்தான் குறையைப் பற்றியது. குறையை மறைப்பது தவறு என்று எழுதியிருந்தேனே தவிர, குறையை மட்டும் சொல்லி நிறையை மறைப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

"அந்தம்மா நம்பர் குடுங்க" என்றேன். அப்படி ஒரு கோபத்தோடு யாரும் நல்ல காரியம் செய்திருக்க மாட்டார்கள்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழும் ஒன்றுமில்லை, அந்த மெஷினைத்தான் நானும் வாங்க வந்தேன், அதனால்தான் காலையில் பாதியோடு நிறுத்தினேன் என்று சொன்னேன். பதில் உடனே வந்தது.

"இன்னா மனுசன் சார் நீங்க! காபி குடுத்தனே! நல்லா இருப்பீங்கன்னு வேற சொன்னேன்!"

ஷாகிராவும் தாஸும் கேட்கும்படி இரண்டு நிமிஷம் திட்டினார். இந்த முறை முழுசாகக் கேட்டேன். கடைசியில், "அங்கயே இருங்க. வர்றேன். நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

மதியம் 1 மணி. சுகந்தி வந்தார். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. நான் சட்டையின் கையை மடித்துவிட்டு, ஷட்டிலைக் கழற்றித் தேய்த்தேன், நூலின் இறுக்கத்தைச் சரிசெய்தேன், இரண்டு மடிப்பு ரெக்சினை வைத்து ஓட்டிக் காட்டினேன். பிறகு அவர் உட்கார்ந்தார். முதல் வரி கொஞ்சம் கோணல். இரண்டாவது வரியில் அந்த மெஷின் அவருடையது ஆகிவிட்டது. எடுத்துக்கொள்வதாக ஷாகிராவிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொன்னால் பன்னிரண்டு பக்கத்தோடு சேர்த்து அது பதிமூன்றாவது பொய்யாகிவிடும்.

ஆனால் அவர் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தொழில் புத்தி கணக்குப் போட்டுவிட்டது. மெஷின் எங்கே இருந்தால் என்ன?

"எங்கிட்ட முன்னூறு பை ஆர்டர் இருக்குமா" என்றேன். "நூறு பை நீங்க தைச்சுக் குடுக்கறீங்களா? தோல் நான் வெட்டி அனுப்பறேன்."

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். பிறகு தாஸைப் பார்த்தார்.

"அண்ணே, மெஷினுக்கு ஏழு சொன்னீங்க. இவருக்கு எத்தனை?"

தாஸ் சிவப்பு சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

இது அநியாயம் என்றேன். நான் என்ன மெஷினா என்றேன். எங்கள் ஊரில் சங்கச் செயலாளர் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஷாகிரா அந்த மேஜைப் பலகையின் தூசியைத் துடைத்து எனக்கு இடம் செய்து கொடுத்தார்.

எழுதினேன். ஒன்று, கூலி சொன்ன நாளைவிடப் பத்து நாள் தள்ளித்தான் கொடுப்பேன். இரண்டு, பாதி தைத்த பிறகு மாடலை மாற்றுவேன். மூன்று, கத்துவேன். "நாலு, வாய்ஸ் மெசேஜ் கேக்க மாட்டாரு" என்றார் ஷாகிரா. எழுதினேன். ஐந்து, தோலில் கனமும் மெலிசும் கலந்து அனுப்புவேன். சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"காலைல எங்க வூட்டுக்கு வந்தது?" என்றார் சுகந்தி.

ஆறு, எனக்கு லாபம் என்றால் பாதிதான் சொல்லுவேன்.

ஆறோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் இவர் நகையை வைத்து மெஷின் எடுக்கிறார், என் ஆர்டரை நம்பி நாளைக்கே ரயிலை விட்டாலும் விட்டுவிடுவார். கை தானாகவே எழுதியது. ஏழு, இந்த ஆர்டருக்கு அப்புறம் இன்னொரு ஆர்டர் வருமா என்று எனக்கே தெரியாது.

சுகந்தி ஏழாவதை இரண்டு முறை படித்தார். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. போனில் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"யோசிச்சு சொல்றேன் சார்."

"எப்போ? எனக்கு இருபது நாள்தான்மா இருக்கு, அதுலயும் ரெண்டு நாள் இங்கயே போச்சு!"

"மூணு நாள்" என்றார் ஷாகிரா, கடையில் எழுதி வைத்த சட்டத்தைப் படிப்பது போல. "புதன்கிழமை அஸர் வரைக்கும். அதுக்குள்ள நீங்க வேற யாருக்கும் அந்த நூறு பையைக் குடுக்கக் கூடாது பாய்."

மாலை 4.15. மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை முருகேஷ் காசு வாங்காமல் கொண்டுவந்து விட்டார். சுகந்தியின் பெயரைத் தான் உளறியதால் வந்த வினை என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி. ரயில் நேரத்துக்குக் கிளம்பி, வழக்கமான இடத்தில் வழக்கமாக நின்றது. முப்பத்தெட்டாயிரம் போன மாதிரியே திரும்பியது. லாட்ஜ், லுங்கி, தக்காளி பிரியாணி, ஆட்டோ என்று சில்லறையில் ஆயிரத்துச் சொச்சம் செலவு. மெஷின் இல்லை.

இதை எழுதும்போது செவ்வாய்க்கிழமை மதியம். எங்கள் பட்டறையில் மூன்று மெஷின்கள் ஓடுகின்றன. நான்காவது ஆளான மெஹருன்னிசா அக்கா ஓரமாக உட்கார்ந்து நூல் வெட்டுகிறார். நடந்ததை நால்வரிடமும் சொன்னேன், ஏழையும் சொன்னேன். அனுதாபம் எதிர்பார்த்தேன். மெஹருன்னிசா அக்கா விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழுதானா எழுதினீங்க?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு மேஜை மேல் கிடக்கிறது. நான்காம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பத்துப் பக்கத்தை அடித்துவிட்டேன். கேஜிஎஃபில் வாங்குபவருக்கு மூன்று நாள் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அதைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். வாங்குபவருக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் ஒன்பதாம் பக்கத்தில் வர்ணித்திருந்தேன். விற்கப்படக் காத்திருக்கும் சரக்குக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

நாளை அஸருக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருக்கிறது. போனில் சத்தத்தை முழுசாக வைத்திருக்கிறேன்.